சாட்சிக் கைநாட்டு

கூடையை இறக்கியதும், அதைத் தாங்கிய நெற்றிப் பட்டை அழுத்திய இடம் எரிந்தது.

பூல்மாயா கூடைக்குள்ளேயே தூங்கிப்போயிருந்தாள். தோளைத் தட்டி எழுப்பி, பள்ளி அலுவலக வாசலில் நிற்க வைத்தேன்.

தேயிலைத் தோட்டத்துத் துரைமாருக்கும் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்காகக் கர்சியாங் மலைமேல் நடத்திய பள்ளி அது. பிள்ளை வரலாம். துரையின் கடிதம் வரலாம். பெற்றவள் மட்டும் கேட்டைத் தாண்டக் கூடாது. அவள் முகத்தில் முழித்தால் பிள்ளை கெட்டுப்போகுமாம்.

சுமைகூலிகள் தாண்டலாம்.

குமாஸ்தா கடிதத்தைப் பிரித்தார். பூல்மாயாவை ஃப்ளோரா என்று எழுதினார். துரையின் பெயரை இரண்டு தடவை சரிபார்த்து எழுதினார். தாய் என்ற இடத்தில், காலமானாள் என்று எழுதி, உரக்கப் படித்தார்.

அவள் சாகவில்லை, அதே தோட்டத்தில்தான் கொழுந்து பறிக்கிறாள் என்றேன்.

"செத்துப்போயிட்டதா துரையே கைப்பட எழுதியிருக்காரு. கூடை தூக்குற உனக்கெதுக்கும்மா வக்கீல் வேலை?"

உயிரோடு ஒருத்தி இருந்தால் லீவுக்குப் பிள்ளையைக் கேட்டு வந்து நிற்பாள். செத்தவள் நிற்கமாட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

அதற்குச் சாட்சியும் வேண்டுமாம், அதே தோட்டத்து ஆளாக. கைநாட்டு வைக்காவிட்டால் பிள்ளையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போ என்றார்.

எங்கே தூக்கிப்போக? துரை கல்யாணம் முடித்து வெள்ளைக்காரச் சீமாட்டியைக் கூட்டிவந்திருந்தார். பூனைக்கண்ணோடு ஒரு பிள்ளை இனி கூலிகள் குடியிருக்கும் லயத்தில் நடமாடக் கூடாது என்று உத்தரவு.

கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினேன்.

அன்றைக்கு எனக்கு எழுத்து தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன். அந்த இடத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று இப்போதும் எழுதி எழுதிப் பார்க்கிறேன்.

விடுதி மேட்ரன் வந்து பிள்ளையின் கையைப் பிடித்தாள். பூல்மாயா அழவில்லை. இரண்டு படி ஏறித் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துப் போங்க, அக்கா."

கொஞ்சமும் பிசகவில்லை. இரண்டு நாள் ஏற்றத்தில், முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு மூச்சிரைக்க நான்தான் சொல்லிக்கொடுத்தபடி வந்தேன். வா, போ கூடாது. வாங்க, போங்க என்று சொல்ல வேண்டும். அம்மா என்று மட்டும் வாய் தவறியும் கூப்பிட்டுவிடாதே என்று.