இந்த வருஷத்து அளவு

"எதெல்வீனா அக்கா சுவரோரம் உட்காரட்டும். பையைக் காலுக்கடியில வச்சுக்கிட்டாத்தான் அவங்களுக்குச் சாப்பாடு இறங்கும்" என்றாள் ரோசிபெல், அடுப்புக்கல்லிலிருந்து தலையைத் தூக்காமலே.

அப்படியே ஆயிற்று. சுவரோரம் எதெல்வீனா. அவளுக்கு எதிரே ஒவிதியோ. குளிர்பானப் பெட்டியை ஒட்டி, கூரை வேலையில் அவனுக்குக் கூட்டாளியான வில்பர். நாலாவது நாற்காலியில் பார்சல்கள்.

ஹூஸ்டனில் ரோசிபெல்லின் கடைக்கு முன்பாதி மளிகை, பின்பாதி சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பாதியும் சேர்ந்து தபாலாபீஸ். எல் சால்வடோருக்குப் போய் வந்துகொண்டிருக்கும் எதெல்வீனாதான் தபால்காரி. ஊரிலிருந்து வந்ததைக் கொடுப்பாள், இங்கே கொடுப்பதை வாங்கிப் போவாள். இன்று சாயங்காலம் மறுபடி புறப்படுகிறாள்.

ஒவிதியோ தட்டிலிருந்த சோள ரொட்டியை, புப்புசாவை, தொடவில்லை. "அக்கா, தாள்?"

"முதல்ல சாப்பிடுப்பா. ஆறினா உள்ளே இருக்கிற பாலாடைக்கட்டி ரப்பர் ஆயிடும்."

"அதைப் பார்க்காம இவனுக்கு இறங்காது, கொடுத்துடுங்க" என்றான் வில்பர். "அதே கோழிக்கால்தான் இருக்கப் போகுது."

ஒவ்வொரு நவம்பரிலும் ஒவிதியோவின் மகள் யாநிரா, நோட்டுத் தாளில் காலை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புவாள். அந்த அளவுக்கு அவன் ஷூ வாங்கி அனுப்புவான். கிறிஸ்துமஸ் ராத்திரி ஊரில் எந்தப் பிள்ளையும் பழையது போடாது.

ஆனால் மூன்று வருஷமாக அந்த அளவு நூல் பிசகவில்லை. பிள்ளைக்குப் பதினொரு வயது, காலுக்கு மட்டும் எட்டு. சத்துக் குறைவோ என்று பயந்து மீன் எண்ணெய் மாத்திரை அனுப்பினான். மனைவி தெல்மியைத் தொலைபேசியில் கடிந்துகொண்டான். "நல்லாத்தான் சாப்பிடுறா" என்பதற்கு மேல் அவள் பேசவில்லை.

அவன் புறப்பட்ட அன்று மகள் அவன் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. "அம்மா செருப்பு உன் காலுக்குச் சரியாகறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லித்தான் பிரித்துவிட்டான். முதலில் வீட்டுக்குக் கூரை என்றான். பிறகு கிணறு. பிறகு சோளக்காடு. விசா இல்லாதவன் ஊருக்குப் போனால் மறுபடி அமெரிக்காவுக்குள் வர வழியில்லை, போவதென்றால் ஒரேயடியாகத்தான். அதனால் வருஷா வருஷம் அந்தச் சின்னப் பாதத்தைப் பார்க்கும்போது கவலையோடு கவலையாக ஒரு மூலையில் நிம்மதியும் இருக்கும். இன்னும் காலம் இருக்கிறது.

எதெல்வீனா நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள்.

ஒவிதியோ பிரித்தான். வில்பர் எட்டிப் பார்த்து விசில் அடித்தான். "இது யாரு காலுடா? உன் மாமியாரோடதா?"

ஒவிதியோ தன் உள்ளங்கையை விரித்துப் படத்தின் மேல் வைத்தான். கைக்கு அப்பாலும் பாதம் நீண்டது.

"வளர்ந்துட்டா" என்றான். "பாருங்க அக்கா, வளர்ந்துட்டா. மாத்திரை வேலை செஞ்சிருக்கு."

"ஒரே வருஷத்துல ரெண்டு விரற்கடையா? மாத்திரையை முழுங்கினாளா, காலிலே தேய்ச்சாளா?" என்றான் வில்பர்.

"பொண்ணுங்க இந்த வயசுல அப்படித்தான், திடீர்னு நெடுநெடுன்னு வளர்ந்துடும்" என்றாள் ரோசிபெல். "என் பொண்ணும் அப்படித்தான்."

"ரோசிபெல், எல்லாருக்கும் சோளக் கஞ்சி. என் கணக்கு."

"இவன் கணக்கா? மழை வரப்போகுது" என்ற வில்பர், கஞ்சிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டான். "சரி, உன் கெடு முடிஞ்சுதே? அம்மா செருப்பு இந்நேரம் சேர்ந்திருக்குமே. மூட்டையைக் கட்டு."

"இந்த வருஷம்தானேடா சேர்ந்திருக்கு? ஒரு வருஷம் முன்னே பின்னே ஆனா பிள்ளை கோவிச்சுக்கவா போறா? காட்டுப் பத்திரம் முடியட்டும். அடுத்த வருஷம் நிச்சயம்."

எதெல்வீனா புளிக்க ஊறவைத்த முட்டைக்கோஸைத் தட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். கஞ்சியில் ஆடை படிந்துவிட்டது.

சிவப்பு அவரை மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஊருக்கு அனுப்பவென்றே ரோசிபெல் அடுக்கி வைத்திருந்த ஷூக்களில் ஒரு வெள்ளை ஜோடியை ஒவிதியோ எடுத்தான். தாளை உள்ளே வைத்துப் பார்த்தான். கச்சிதம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தான். எதையும் வரிசை தப்பாமல் எழுதுகிறவன். முதலில் தேதி, அப்புறம் நலம், அப்புறம் பார்சலில் என்னென்ன இருக்கிறதென்று. கடைசியில்தான் விஷயம்:

'உன் கால் வளர்ந்ததைப் பார்த்து இங்கே எல்லாருக்கும் கஞ்சி வாங்கிக் கொடுத்தேன். அம்மா செருப்பை ஒரு வருஷம் போட்டுக்கொண்டிரு. அதற்குள் வந்துவிடுகிறேன்.'

உறையை நாக்கால் ஈரமாக்கி, ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தான். எதெல்வீனா அதை வாங்கிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. பையை அவனே தூக்கிக்கொண்டு போய் ஏற்றினான்.

எதெல்வீனா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"ஒவிதியோ, மூணு வருஷமா நான் கொண்டு வந்தது அவ கால் இல்லப்பா. பழைய ஷூவைத் தாள் மேல வச்சு வரைவா. கெடு தாண்டிடுச்சுன்னு தெரிஞ்சா நீ வராமலே இருந்துடுவியோன்னு பயம். சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா."

அவன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அப்போ இந்தத் தாள்?"

வேன் நகர்ந்தது. "சத்தியத்தை அவளே திருப்பிக் கொடுத்துட்டா. 'அப்பாதான் வரலை, ஷூவாவது சரியான அளவுல வரட்டும்'னு சொல்லி, இந்தத் தடவை தன் காலையே வச்சு வரைஞ்சா."