பத்து விரல்கள்

தொண்டோ குடிசைப் பகுதியின் கூடைப்பந்துத் திடலில், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாகச் சிதறிக் கிடக்கிறது. பாகியோ மலையிலிருந்து தன் சர்ச் சபையாரோடு முதன்முறையாக ஊழியத்துக்கு வந்திருக்கும் மரிக்கார், கையில் நகவெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். நகம் வெட்டிக்கொண்ட பிள்ளைக்குத்தான் மணிக்கட்டில் நட்சத்திர முத்திரை. முத்திரை இருந்தால்தான் அந்தப் பக்கம் இஞ்சி வாசத்தோடு கொதிக்கும் கஞ்சி. ஏழு வயது ஜோவெலின் மூடிபோட்ட டப்பாவை மடியில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டுகிறாள். வெட்ட நகமே இல்லை. பத்து விரலிலும் சதையை ஒட்டி வெட்டியிருக்கிறது. "யாரும்மா வெட்டிவிட்டது?" "புதன்கிழமை வேற சபை வந்துச்சு. அந்த அக்கா." "அப்ப நான் எதை வெட்டறது?" ஜோவெலின் குரலைத் தாழ்த்துகிறாள். "சும்மா சத்தம் மட்டும் போடுங்கக்கா. உங்க பாஸ்டர் பாக்குறாரு." மரிக்கார் திரும்புகிறாள். பாஸ்டர் மலர்ந்த முகத்தோடு கையசைக்கிறார். முத்திரையை மட்டும் குத்திவிடலாமா, அவரிடம் சொல்லலாமா, சொன்னால் இந்த டப்பா காலியாகத் திரும்புமா, ஒன்றும் பிடிபடவில்லை. விரலுக்கு மேலே வெறுங்காற்றில் நகவெட்டியை அழுத்துகிறாள். டிக். ஜோவெலின் பொறுமையாக அடுத்த விரலை நீட்டுகிறாள். டிக். பத்தாவது விரலின்போது யாரோ படமெடுக்கச் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். யாரும் சொல்லாமலே ஜோவெலினின் முகம் பளிச்சென்று விரிகிறது. உதடு அசையாமல் அவள் முணுமுணுக்கிறாள்: "நீங்களும் சிரிங்கக்கா."