துண்டுக்குள் வலது கை

ஜியாவுதீன் இடது கையால் காயை நகர்த்தினார். வலது கை துண்டுக்குள் சுருண்டு மடிமேல் கிடந்தது.

துண்டுக்குள் இருப்பது தோல் சீவும் கத்திதான். கோதண்டபாணிக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்புகளின் சதுரங்கப் போட்டியில் அதுதான் கடைசி ஆட்டம். இருவருக்கும் ஒரே ஷாப்பு. கோதண்டபாணி தோலைப் பார்த்து வாங்கும் மேஸ்திரி, ஜியாவுதீன் சதை சீவுகிறவர்.

போன வாரம் வண்டியில் வந்தது நோயில் செத்த மாட்டுத் தோல். ஆட்கள் தொடத் தயங்கினார்கள். "பாரு, நானே போட்டுக்கறேன். இன்னா ஆய்டுச்சு?" என்று முதல் தோலைத் தன் தோள்மேல் போட்டுக் காட்டி, வேலையைத் தொடங்க வைத்தவர் கோதண்டபாணி.

அந்தத் தோலைச் சுமந்த வேலு முந்தாநாள் அதன் நோய் ஒட்டி, உடம்பில் கரும்புண் வந்து செத்தான். "என் தோஸ்த்த கொன்னுட்டியே மேஸ்திரி! உன்ன சும்மா விடமாட்டேன்!" என்று புதைத்த இடத்திலேயே ஜியாவுதீன் கத்தினார்.

அதற்குப் பிறகும் ஆட வந்தாரே, கோப்பை ஆசை யாரை விட்டது?

முதல் நகர்த்தலில் கோதண்டபாணி தன் ராஜா முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியபோது, ஜியாவுதீன் தன் ராஜா முன் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தியிருந்தார். பிரெஞ்சு டிபென்ஸ். பதுங்கிக் காத்திருந்து அடிக்கிற ஆட்டம்.

"பாய், சோத்தாங்கைக்கு இன்னாச்சு?"

"ஆடு மேஸ்திரி. அப்பறம் காட்றேன்."

ஜியாவுதீனின் கண் பலகையில் இல்லை. கோதண்டபாணியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் வைக்கலாம் என்று பார்க்கிறானோ? வியர்வையில் காலரடிக் கொசுக்கடி வேறு பிடுங்கியது. குனிந்து சொறிந்துகொண்டார்.

ஜியாவுதீனின் முகம் கறுத்தது. இன்னும் ஒரே நகர்த்தலில் ஜெயித்திருப்பார். ஆனால் தன் ராஜாவைத் தானே கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

மேசையைச் சுற்றி வந்து துண்டை அவிழ்த்தார்.

"வேணாம் பாய்! நான் புள்ளகுட்டிக்காரன்!" கோதண்டபாணி கழுத்தைப் பொத்திக்கொண்டு அலறினார்.

துண்டு கீழே விழுந்தது. கத்தி இல்லை. வீங்கிய புறங்கையில் காசளவு கரும்புண்.

"கைய எடுத்துட்டா பொழச்சுக்குவேன்னாரு டாக்டரு. கடைசியா ஒரு ஆட்டம் ஆடிட்டு வர்றேன்னேன். ஆசுபத்திரி வண்டி நிக்குது, நீயும் கெளம்பு."

"நான் இன்னாத்துக்கு பாய்?"

கழுத்தைப் பொத்தியிருந்த கையை ஜியாவுதீன் இடது கையால் விலக்கினார்.

"உனக்குக் கழுத்துல வந்திருக்குது மேஸ்திரி."