சோதனைக்கு ஒரு அறை

"ஏம்மா, பாத்ரூம்ல வெச்சு சோதனை போட்டுட்டுப் போங்களேன். இப்படி எல்லார் எதிர்லயும் நிறுத்தி வெச்சு மானத்தை வாங்கணுமா?" என்றான் நிரஞ்சன்.

ஏட்டம்மா ரத்னா அசைந்து கொடுக்கவில்லை.

"நானா சார் நிக்க வெச்சேன்? வேன்ல ஏத்தறதுக்கு மின்னாடி சோதனை போட்டே ஆவணும். பொம்பளைதான் போடணும், மூடின ரூம்ல போடணும், வேற யார் கண்ணுலயும் படக் கூடாது. உங்க பாத்ரூமுக்குத் தாப்பா இல்ல. வந்ததுமே பாத்துட்டேன்."

ராஜா அண்ணாமலைபுரத்து ஃபிளாட்டில் அன்று அப்பா சுப்பராமனுக்குப் பதிமூன்றாம் நாள். இலை எடுத்தாகிவிட்டது. கூடத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த உறவுக் கூட்டம் மொத்தமும் ஜானுவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜானு நிரஞ்சனின் தங்கை. ஆபீஸ் வழக்கு ஒன்றில் தண்டனையாகி, புழல் சிறைக்குப் போய் இரண்டு வருஷம். இன்றைக்குப் போலீஸ் காவலோடு நாலு மணி நேரம் அனுப்பியிருந்தார்கள்.

காலையில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "ஷ்ரேயா எங்கேண்ணா?"

ஜானுவின் பெண். ஆறு வயது. வளர்வது இவனிடம்.

"எதிர் ஃபிளாட் ஷீலா பாலவாக்கத்துக்கு அழைச்சுண்டு போயிருக்கா. அவளைப் பொறுத்தவரைக்கும் நீ அமெரிக்காவுல இருக்கே."

"ஜன்னல் வழியா ஒரு தடவை பார்த்தா போறும்ணா. பேசக்கூட மாட்டேன்."

"போலீசோட வந்து நிக்கறே. குழந்தை மனசுல அது பதியணுமா? வேண்டாம் ஜானு."

அவள் போய்க் கூடத்து மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

உண்மையில் குழந்தையை அனுப்ப ஏற்பாடு செய்தவனே நிரஞ்சன்தான். சமையல் அமளியில் குழந்தைக்குத் தலை பின்னிவிட ஹம்சாவுக்கு நேரமில்லை. விரித்த தலையும், கையில் இரண்டு ஸ்ட்ராபெரி ரப்பர் பேண்டுமாக ஷ்ரேயா எதிர் ஃபிளாட்டுக்குப் போனதை அவனே வாசலில் நின்று பார்த்தான்.

ஹம்சா மேலேயும் அவனுக்குக் கோபம். பெண்டாட்டி என்று பேர். தங்கை ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க, இவள் ஏட்டம்மாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் இலை போட்டு, பாயசம் ஊற்றி, அரைமணி நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

இப்போதும் அவள்தான் முந்திக்கொண்டாள். "உள்ளே ரெண்டு ரூம்லயும் மனுஷா படுத்துண்டிருக்கா. ஷீலா ஆத்துச் சாவி என்கிட்ட இருக்கு. அங்கே அழைச்சுண்டு போங்கோ."

எதிர்க் கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று.

"ஏர்போர்ட்லகூட இத்தனை நாழி ஆகாதேடா" என்றார் சித்தப்பா.

"வடையை முடிஞ்சுண்டு போயிடுவாளோன்னு தேடறா போலிருக்கு" என்றது இன்னொரு குரல்.

யாரோ சிரித்தார்கள். நிரஞ்சனுக்குக் காது சுட்டது.

அரைமணி. கீழே வேன் டிரைவர் பிரபு ஹாரன் அடித்தான். நிரஞ்சன் பொறுக்கமுடியாமல் எழுந்துபோய் எதிர்க் கதவைத் தட்டக் கையை ஓங்கினான்.

ஹம்சா குறுக்கே வந்து நின்றாள். "நீங்க போகப்படாது. ரூல் இருக்கோன்னோ?"

"நீ யார் பக்கம்டி?"

அவள் கதவை மறைத்தாற்போல் இன்னும் நெருங்கி நின்றுகொண்டாள்.

நாற்பதாவது நிமிஷம் கதவு திறந்தது. ஜானுவின் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. வலது கையை இறுக மூடியிருந்தாள். வரும்போது கொண்டையை அள்ளி முடித்திருந்த ரத்னாவுக்கு இப்போது தலைமுடி அவிழ்ந்து முதுகில் கிடந்தது.

"உள்ளே அடிதடியா? என்ன பண்ணினீங்க அவளை?"

"சோதனை சார்."

"நாப்பது நிமிஷமா?"

"ஒழுங்கா போட வேணாமா? ஏடாகூடம் ஆச்சுன்னா என் வேலை பூடும். இதுல ஒரு கையெழுத்து போடு சார்."

படிவத்தில் எழுதியிருந்தது: 'மூடிய அறையில் பெண் காவலரால் சோதனையிடப்பட்டது. எதுவும் கைப்பற்றப்படவில்லை.'

கையெழுத்துப் போட்டான். அதைப் போனில் படமும் எடுத்துக்கொண்டான். "மேலிடத்துக்கு எழுதத்தான் போறேன்."

"எழுது சார். ரத்னா, ஏட்டு. பேரைக் கரெக்டாப் போடு." ஜானுவின் தோளைத் தொட்டாள். "வாம்மா, நேரமாவுது."

ஜானு அண்ணனை நிமிர்ந்து பார்க்காமலே படியிறங்கினாள்.

வேன் தெருமுனை திரும்பியதும் நிரஞ்சன் புகாரைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். 'என் தங்கையை நாற்பது நிமிடம் ஓர் அறையில் அடைத்து...' எந்த அறை? அதையும் பார்த்து எழுதிவிடலாம் என்று எதிர் ஃபிளாட் மணியை அடித்தான். ஆளில்லாத வீட்டில் மணி அடிக்கிறோமே என்று தோன்றுவதற்குள் கதவு திறந்தது.

ஷீலா நின்றிருந்தாள்.

"பாலவாக்கத்துலேருந்து எப்ப வந்தீங்க?"

"நாங்க கிளம்பவே இல்ல சார். ஹம்சா வேணாம்னு சொல்லிட்டாங்க."

அவளுக்குப் பின்னால் சோபாவில் ஷ்ரேயா உட்கார்ந்திருந்தாள். வகிடு பிசகாமல், இழை இழையாக, இரட்டைப் பின்னல். ஒரு நுனியில் ஸ்ட்ராபெரி. இன்னொரு நுனியில் பெரியவர்கள் கொண்டைக்குப் போடும் கறுப்பு ரப்பர் பேண்டு.

"இன்னொரு ஸ்ட்ராபெரி எங்கேடி?" என்று கேட்டான்.

"அம்மா கையில வெச்சுண்டா மாமா. போலீஸ் ஆன்ட்டி அவங்களோடதைக் கழட்டி எனக்குக் குடுத்துட்டு, மறுபடி சுவத்தைப் பார்த்துண்டு நின்னாங்க."

நிரஞ்சன் கையிலிருந்த போனைப் பார்த்தான். பாதிப் புகாருக்குக் கீழே, அவன் இணைத்திருந்த படத்தில், அவன் கையெழுத்துக்கு மேலே ரத்னாவின் எழுத்து தெளிவாக இருந்தது:

'எதுவும் கைப்பற்றப்படவில்லை.'