இடது பெடல் கட்டை

நெரும்பூர் சைக்கிள் கடை வாசலில், போன மாசம் செத்துப்போன மோசஸின் சைக்கிள் நிற்கிறது. சாரத்திலிருந்து விழுந்து குட்டையாகிப் போன இடது காலுக்கு எட்டட்டும் என்று, அந்தப் பக்கத்துப் பெடலில் மரக்கட்டை ஒன்றைப் பழைய டியூபால் கட்டி வைத்திருந்தான்.

"ஒரு காலு மட்டும் ஏறிக்கினே கீது அண்ணி, மிதிக்க வரல," என்கிறான் மோசஸின் தம்பி பெஞ்சமின். நாளையிலிருந்து அவனுக்கு அணுபுரத்தில் வேலை; இந்தச் சைக்கிளில்தான் போகவேண்டும்.

"எடுத்துடவாம்மா?" கடைக்காரர் பிளேடோடு காத்திருக்கிறார்.

"எடுத்துடுங்கண்ணா," என்கிறாள் மார்கரெட். கட்டையில் செருப்பு தேய்த்த பள்ளம் வெயிலில் மினுங்குகிறது. கடைக்காரர் அறுத்துக் கொடுத்த கட்டையை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொள்கிறாள். மோசஸ் வேலை முடிந்து வரும்போது ஒவ்வொரு மிதிக்கும் அந்தக் கட்டை ஸ்டாண்டில் டக்கென்று இடிக்கும்; தெருமுனையில் அது கேட்டதும் சோற்றுத் தட்டை எடுத்து வைப்பாள். பெஞ்சமின் சத்தமே இல்லாமல் ஒரு சுற்று சுற்றி, அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பெல் அடித்த பிறகுதான் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.