நாளை தண்ணீர் வராது

மதிய வெயில் குடிநீர் அலுவலகத்தின் ஜன்னலோர மேசையில் மட்டும் விழுகிறது. பட்டம் வாங்கிய கையோடு வேலைக்குச் சேர்ந்தவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் அடையாள அட்டையின் நாடா இன்னும் விறைப்புக் குறையவில்லை. திரையில் அவளுடைய முதல் முகநூல் பதிவு. "நாளை தண்ணீர் வராது, இன்றே பிடித்து வையுங்கள்" என்றுதான் எழுதிக் கொடுத்தாள். பொறியாளர் பார்த்து, அதிகாரி திருத்தி, இப்போது அந்த வரி "பராமரிப்புப் பணிகளை முன்னிட்டு நாளைய விநியோகம் தற்காலிகமாக ஒழுங்குபடுத்தப்படுகிறது" என்று கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது. கைபேசி அதிர்கிறது. அம்மா. "பாப்பா, பாத்தேன். லைக் போட்டு, சித்திக்கும் அனுப்பிட்டேன். ரொம்ப நல்லாருக்கு." அம்மா கொஞ்சம் தயங்குகிறாள். "ஆமா, நாளைக்குத் தண்ணி வருமா, வராதா?" மகள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்துகிறாள். "வராதும்மா. இன்னிக்கே பிடிச்சு வச்சிரு." எதிர் மேசையில் அதிகாரியின் பேனா நின்றுவிடுகிறது. காதில் விழுந்திருக்கும். அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். மின்விசிறி காகிதங்களைத் தூக்கிப் பார்த்து விடுகிறது. இப்போது அவருடைய கைபேசி அடிக்கிறது, வீட்டிலிருந்து. "சொல்லும்மா. ஆமா, எங்க ஆபீஸ்லதான் போட்டோம்." கேட்டுக்கொண்டே நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்புகிறார். "வராது. இன்னிக்கே பிடிச்சு வை." வைத்த பிறகும் அவர் திரும்பவில்லை. அவளுடைய சுட்டி மெல்ல நகர்ந்து 'திருத்து' என்ற பொத்தானில் போய் நிற்கிறது. "சார், பழையபடியே மாத்திடவா?" என்கிறாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.