கட்டை விரலும் பித்தளைச் சொம்பும்

"ஏனுங்க மாஸ்டர், போயும் போயும் இவரையா எனக்கு ஜோடி போட்டீங்க?" கோமளா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

'இவர்' என்றது பாலுசாமியை. பல்லடத்தில் கோழிப்பண்ணைக்காரர். முக்குளிப்புப் பயிற்சிக்குத் தன் தோட்டத்துக் கிணற்றைக் கொடுத்த கையோடு, "நானும் முங்கிப் பாக்கறேனுங்க" என்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டவர். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

"பாத்துத்தான் போட்டிருக்கேனுங்க அம்மணி," என்றார் வரதராஜுலு. கடற்படையில் இருபது வருஷம் முங்கியவர். கிணற்று மேட்டில் தண்ணிச் சொம்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். "அடியில ஒரு பித்தளைச் சொம்பு போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு ஜோடியும் போய்த் தேடுங்க; ஒருக்கா மேல வந்துட்டா மறுக்கா எறங்கப்படாது. லட்சத்தீவுக்குப் போறது யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சுரும்."

லட்சத்தீவில், சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப் போகும் வேலை. இருப்பது ஒரே இடம். அதற்குக் கோமளாவும், சிங்காநல்லூர் மனோஜ்குமாரும் போட்டி. அவன் கல்லூரி நீச்சல் சாம்பியன். அவனுக்கு ஜோடி சைதன்யா என்ற புதுப் பையன்.

கோமளாவின் அப்பா தறி ஓட்டுகிறவர். காலையில் கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "இன்னிக்கோட முடிவு. கெடைக்கலீன்னா தை மாசம் கல்யாணம்." மாப்பிள்ளை ஜாதகம் ஏற்கெனவே சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது.

"கோமளா கண்ணு, நீங்க கவலப்படாதீங்க. நானிருக்கறேன்," என்று பாலுசாமி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அவருக்கு எல்லாவற்றுக்கும் கட்டை விரல்தான். டீ நன்றாக இருந்தால் கட்டை விரல். மழை வந்தால் கட்டை விரல்.

வரதராஜுலு தலையில் அடித்துக்கொண்டார். "எத்தன தடவைங்க சொல்றது? தண்ணிக்குள்ள அதுக்கு 'மேல போலாம்'னு அர்த்தமுங்க. நல்லா இருக்குதுன்னா விரல வட்டமா மடக்கிக் காட்டோணும். யாரு கட்டை விரலத் தூக்குனாலும் ஜோடி ரெண்டு பேரும் மேல வந்துரோணும். ஏன் எதுக்குன்னு அடியில பஞ்சாயத்து வெக்கப்படாது."

ஐப்பசி மழைக்குக் கிணறு முக்கால்வாசி நிறைந்திருந்தது. நான்கு பேரும் இறங்கினார்கள்.

மனோஜ்குமார் மீன் மாதிரி நேராக அடிக்குப் போனான். கோமளாவால் அப்படிப் போக முடியவில்லை. பாலுசாமியின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. நின்று, வெளியேற்றச் சொல்லிக் கொடுத்தாள். அவர் பந்து மாதிரி மேலே மிதந்தார்; கையைப் பிடித்து இறக்கினாள். பொறுமை என்பது இவ்வளவு பெரிய பாரமா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் சேறு கலங்காமல் காலை மெல்ல அசைத்து, அவர் வேகத்துக்கே போனாள்.

அடியில், கல் இடுக்கில், சேற்றுக்குள்ளிருந்து ஒரு வாய் விளிம்பு தெரிந்தது. சொம்பு.

இன்னும் நாலு முழம்தான். ஜோடியைத் திரும்பிப் பார்த்தாள். பாலுசாமி கட்டை விரலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

'சூப்பர்' என்றுதான் சொல்கிறாரோ? அப்படித்தான் இருக்கும். ஆனால் நிஜமாகவே மூச்சு முட்டியிருந்தால்? கோமளா சொம்பை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தானும் கட்டை விரலைத் தூக்கி, அவர் கையைப் பிடித்து, அவசரமில்லாமல் மேலே கூட்டி வந்தாள்.

"என்னாச்சுங்க? மூச்சு வாங்குதுங்களா?"

"எனக்கென்னங்க அம்மணி! சொம்பு கண்ணுல பட்டுருச்சில்லீங்க, அதான் சூப்பருன்னு காட்டுனேன்."

கோமளா படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஈரத் தலையைத் துவட்டுகிற சாக்கில் துடைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது நிமிடம் மனோஜ்குமார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான். கையில் சேறு அப்பிய சொம்பு.

"சைதன்யா எங்கீங்க தம்பி?" என்றார் வரதராஜுலு.

"பின்னால வருவானுங்க."

கொஞ்சம் பொறுத்துத்தான் சைதன்யா தலை தெரிந்தது. முகம் வெளிறியிருந்தது. "ஒரே சேறுங்க மாஸ்டர். பக்கத்துல யாரையும் காணலீங்க," என்று இருமினான்.

மனோஜ்குமார் அதைக் காதில் வாங்கவில்லை. படியேறிப் போய்ச் சொம்பைக் கிணற்று மேட்டில் வைத்தான். எல்லோருக்கும் டீ கொண்டு வந்த பாலுசாமியின் மனைவி தெய்வாத்தாள் அதை எடுத்து, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். கழுத்துப் பக்கம் எழுத்து வெட்டியிருந்தது.

"தெய்... வாத்... தாள். ஐயோ, இது என்ற சொம்புங்க! எங்கம்மா சீருக்குக் குடுத்தது. தண்ணி சேந்தறப்போ கை தவறி வுட்டுப்போட்டேன். பன்னண்டு வருசமா இவரு வாயில வுழுந்து எந்திரிச்சிட்டிருக்கேன்."

மனோஜ்குமார் திகைத்தான். "அப்ப மாஸ்டர் போட்ட சொம்பு இன்னும் அடியிலயா கெடக்குது?"

எல்லோரும் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். பாலுசாமி மட்டும் கோமளாவைப் பார்த்து, பழக்க தோஷத்தில் கட்டை விரலைத் தூக்கினார்.

"பாருங்க, அவரே சொல்லிப்போட்டாரு. மேல ஏறி வாங்க அம்மணி, லட்சத்தீவுக்குத் துணிமணி எடுத்து வெக்கோணுமில்ல," என்ற வரதராஜுலு, காலையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பித்தளைச் சொம்பை மனோஜ்குமாரிடம் நீட்டினார். "நான் சொன்ன சொம்பு இதானுங்க தம்பி. இது கெணத்துக்குள்ள எறங்கவே இல்ல; ஜோடிய வுடாம யாரு மேல வர்றாங்கன்னு பாக்கறதுக்கு அடியில எதுக்குங்க சொம்பு?"